ஒற்றை வைப்பர் பென்ஸ்

முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். பென்ஸ் டபிள்யூ124 காரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இத்தனை பணம் வாங்கிக்கொண்டு இன்னொன்று வைத்துத் தந்தால் என்ன? கோவையிலிருந்து சேலம் போகிற வழியில், பவானியைத் தாண்டியதும் பிடித்துக்கொண்ட மழையில் எனக்கு அதற்கான பதில் கிடைத்தது. மூலைப் பக்கம் சாயும்போது வைப்பரின் கை வெளியே நீள்கிறது. நடுவில் நிமிரும்போது தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறு மூலைக்குப் போகையில் மீண்டும் நீள்கிறது. அடியில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின் வேலை இது. கண்ணாடிப் பரப்பில் 86 சதவீதத்தை இந்த ஒற்றைக் கை துடைத்துவிடும் என்பது கம்பெனிக் கணக்கு. முன்னால் போன லாரிகள் வாரி இறைத்த சேற்றுத் தண்ணீருக்கு நடுவிலும் சாலையின் இரண்டு ஓரமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

நான் ஓட்டியது 1996-ஆம் ஆண்டு இ 250 டி. 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் என்ஜின்; டர்போ கிடையாது. புனேயில் தயாரானது. கோவையில் நண்பரின் அப்பா புதிதாக வாங்கிய வண்டி; இன்றுவரை அந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. சொகுசுக் கார் என்றதும் தோல் சீட்டும் பெரிய திரையும் எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் காட்ட ஒன்றுமில்லை. துணி சீட், டேஷ்போர்டில் தேவையான மீட்டர்கள், கொஞ்சம் மரவேலை, பெரிய ஸ்டியரிங். அவ்வளவுதான். ஆனாலும் உள்ளே உட்காருகிறவரைப் பற்றி இந்த அளவுக்கு யோசித்துச் செய்த வேறு காரை நான் ஓட்டியதில்லை. பென்ஸ் என்ற பெயருக்கு ஊர் உலகம் கொடுத்த மரியாதை இந்த யோசனைக்குக் கிடைத்த மரியாதை என்பதே என் கட்சி.

அந்த யோசனை முதல் வண்டியிலேயே தொடங்கிவிட்டது. 1886 ஜனவரி 29 அன்று, மன்ஹைம் நகரத்தில் இருந்த கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். கிடைத்த எண் 37435. வண்டியைச் செய்தது அவர் என்றாலும், அது ஓடும் என்று ஊரை நம்பவைத்தவர் மனைவி பெர்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருளாக லிக்ராயின் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அடித்து வாங்கினார். திரும்பி வந்து, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். கார் விமர்சனம் எழுதுகிற எங்கள் எல்லோருக்கும் அவர்தான் முன்னோடி.

மெர்சிடிஸ் என்ற பெயர் வந்தது இன்னொரு வாசல் வழியாக. கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லர் தொடங்கிய, வில்ஹெல்ம் மேபாக் வேலை பார்த்த கம்பெனியிடம், நீஸ் நகரத்தில் பணக்காரர்களுக்குக் கார் விற்றுவந்த எமில் யெல்லினெக் 1900-இல் ஒரே ஆர்டரில் 36 கார்கள் கேட்டார். பெயர் மட்டும் தன் மகள் மெர்சிடிஸின் பெயராக இருக்க வேண்டும் என்றார். மேபாக் வடிவமைத்த அந்தக் கார் 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களை வாரிக்கொண்டு போனது. உயரமான குதிரை வண்டி உருவத்தைக் கைவிட்டு, நீளமாக, தாழ்வாக, அகலமாக வந்த கார் அது. 1926-இல் டைம்லரும் பென்ஸும் இணைந்தன.

அடுத்து வரும் பக்கத்தை மறைத்துவிட்டு இந்தக் கம்பெனியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. நாஜி ஆட்சியில் டைம்லர்-பென்ஸ் போர்த் தளவாடம் செய்தது. 1944-இல் அதன் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். பல பத்தாண்டு கழித்தே கம்பெனி அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 1988-இல் இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கியது. பென்ஸ் நட்சத்திரத்தைக் கும்பிடுகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய காலத்தில் நான் பெரிதும் மதிக்கிற பெயர், கம்பெனியின் என்ஜினியர் பேலா பரெனி. கார் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் மாற்றி யோசித்தார். முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்க வேண்டும். நசுங்கும்போது மோதலின் வேகத்தை அவை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் நடுக்கூடு மட்டும் அசையக் கூடாது. 1951-இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1959-இல் வந்த டபிள்யூ111 இந்த முறையில் செய்து விற்பனைக்கு வந்த முதல் கார். இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் காரும் அதே கணக்கில்தான் நசுங்குகிறது. 1969 முதல், ஸிண்டெல்ஃபிங்கன் ஆலையைச் சுற்றிய பகுதியில் மெர்சிடிஸ் கார் பெரிய விபத்தில் சிக்கினால் போலீஸ் கம்பெனிக்குத் தகவல் தரும். என்ஜினியர்கள் நேரில் போய் எது எங்கே மடங்கியது, யாருக்கு எங்கே அடிபட்டது என்று அளந்து வருவார்கள். 1978-இல் எஸ் கிளாஸில் போஷ் கம்பெனியோடு சேர்ந்து ஏ.பி.எஸ்., 1981-இல் ஓட்டுநர் ஏர்பேக். விற்றுவிட்ட வண்டி என்ன ஆனது என்று தேடிப் போய்ப் பார்க்கிற கம்பெனியிடம்தான் இதெல்லாம் பிறக்கும்.

இந்தப் பின்னணியோடு டபிள்யூ124-ஐச் சுற்றி வந்து பாருங்கள். பின்விளக்குக் கண்ணாடி சமதளமாக இல்லாமல் வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். அழகுக்காக வைத்தது போலத் தெரியும். மண்சாலையில் போய் வந்த வண்டியில் விரலை வைத்துப் பார்த்தேன்: மேட்டில் புழுதி அப்பியிருந்தது, பள்ளத்தில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. பின்னால் வருகிறவருக்கு விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும். கதவுப் பிடி முழுக் கையும் உள்ளே போகிற அளவுக்குப் பெரியது. விபத்தில் கதவு இறுகிக்கொண்டால் வெளியே இருப்பவர் பலம் கொடுத்து இழுப்பதற்காக. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஒரே அளவில் இல்லை. ஓட்டுநர் பார்க்கும் கோணத்தைக் கணக்கிட்டு, ஒன்று அகலமாகவும் மற்றது ஏறக்குறையச் சதுரமாகவும் இருக்கின்றன. சீட்டில் வெறும் ஃபோம் இல்லை. உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் ரப்பர் தோய்த்த நார். உட்கார்ந்ததும் சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. சேலத்தில் இறங்கும்போது முதுகு அதற்கு நன்றி சொன்னது.

பானெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பூட்டை விலக்கினால் அது செங்குத்தாக நிமிர்ந்து நின்றுவிடுகிறது. கோவையில் இந்த வண்டியைப் பல வருடமாகப் பார்க்கிற மெக்கானிக்கிடம் கேட்டேன். “இப்படி நிமித்தி வெச்சுட்டா ரெண்டு பக்கமும் நின்னு வேலை பாக்கலாமுங்க. தலையில இடிக்காது, வெளிச்சமும் நல்லா உள்ள வரும். செஞ்சவங்க ஒர்க்‌ஷாப்புல நின்னு பாத்திருக்கோணுமுங்க” என்றார்.

இனி ஓட்டம். சாவியைத் திருப்பி, கிளோ பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்ய வேண்டும். நின்ற நிலையில் என்ஜின் சத்தம் உள்ளே கேட்கிறது. ஐந்து சிலிண்டருக்கே உரிய, கொஞ்சம் தாளம் மாறிய சத்தம். வேகம் பிடிக்க அவசரப்படாது. இன்றைய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் பல சிக்னலில் இதை எளிதாக முந்திப் போகும். 80-ஐத் தொட்ட பிறகுதான் இந்த வண்டியின் குணம் தெரிகிறது. அந்த வேகத்தில் அப்படியே நிலைத்து ஓடுகிறது. காற்று சத்தம் குறைவு. இந்த வரிசையில் காற்றுத்தடை மிகக் குறைந்த மாடலின் எண் 0.29; கார் அறிமுகமான 1984-இல் அது பெரிய சாதனை. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் தனித்தனியாகப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன், 1982-இல் 190 மாடலில் முதலில் வந்தது. பாலத்து இணைப்புகளில் ‘டப்’ என்று ஒரு ஒலி மட்டும் வரும், உடம்புக்கு அதிர்வு வராது. வளைவில் பாதியில் பிரேக் பிடிக்க நேர்ந்தபோதும் வண்டியின் பின்பகுதி விலகவில்லை.

குறைகளும் உண்டு. ஸ்டியரிங் நடுப்பகுதியில் சற்றுத் தளர்வு; பழைய ‘ரீசர்குலேட்டிங் பால்’ முறை என்பதால் இன்றைய ரேக் ஸ்டியரிங்கின் துல்லியம் வராது. பின்சீட்டில் கால் நீட்ட, இன்றைய செடான்கள் தரும் இடம் இல்லை. ஆனால் 4.74 மீட்டர் நீள வண்டியை ஆர்.எஸ்.புரத்தின் குறுகிய தெரு ஒன்றில் திருப்ப வேண்டி வந்தபோது அசந்துபோனேன். முன்சக்கரங்கள் அவ்வளவு தூரம் மடங்குகின்றன.

இதே காரைத்தான் ஜெர்மனியில் தந்த நிறம் பூசி டாக்சியாக ஓட்டினார்கள். அமைச்சர் இறங்குவதும், ரயில் நிலையத்திலிருந்து மூட்டையோடு வருகிறவர் ஏறுவதும் ஒரே மாடலில். வேறெந்த சொகுசுப் பெயருக்கும் இப்படி ஒரு வாழ்க்கை அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு தலைமுறைக்கு முந்தைய 240 டி ஒன்றை கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். இப்போது அது கம்பெனியின் மியூசியத்தில் இருக்கிறது. டபிள்யூ124-க்கு உருவம் கொடுத்த குழுவின் தலைவர், இத்தாலியில் பிறந்த புரூனோ சாக்கோ. புதிய மாடல் வந்ததும் பழையது கிழடாகத் தெரியக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அதனால்தான் 1984-இல் வந்த உருவம் இன்றும் சாலையில் கண்ணை உறுத்துவதில்லை.

நமக்கு இந்தப் பெயர் காராக அறிமுகமாவதற்கு முன்பே லாரியாக அறிமுகமாகிவிட்டது. 1954-இல் டாட்டா குழுமத்தின் டெல்கோ கம்பெனி டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969 வரை அவற்றின் முகத்தில் நட்சத்திரம் இருந்தது. சங்ககிரி, நாமக்கல் பக்கத்து மூத்த ஓட்டுநர்கள் இன்றும் ‘டாட்டா பென்ஸ்’ என்று சொல்வது அந்தக் காலத்து வண்டியைத்தான். 1994-இல் பென்ஸ் இங்கே கார் கம்பெனி தொடங்கி, 1995-இல் இந்தியாவில் முதலில் தயாரித்த மாடல் இந்த டபிள்யூ124. 2012-இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகள் உற்பத்தி தொடங்கியது.

இப்போதைய மெர்சிடிஸ் கார்களையும் ஓட்டியிருக்கிறேன். வேகம், அமைதி, பாதுகாப்பு எல்லாவற்றிலும் அவை முன்னே போய்விட்டன. ஆனால் ஏ.சி.யைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தேட வேண்டியிருக்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தானே தேடிக் கண்டுபிடிக்கிற பட்டன்களை வைத்தவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்தப் பெரிய திரையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், இந்தக் கம்பெனி எதற்காகப் பெயர் வாங்கியதோ அதைத் தவறவிடுகிறார்கள்.

பழைய டபிள்யூ124 வாங்கலாமா? தினமும் அலுவலகம் போய்வர என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நெடும்பயணத்திலும் ஓட்ட, பொறுமையும் ஒரு நல்ல மெக்கானிக்கும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். டீசலையே தேடுங்கள். 1992 முதல் 1995 வரையிலான பெட்ரோல் என்ஜின்களில் வயரிங் ஹார்னஸின் உறை சூட்டில் நொறுங்குவது உலகெங்கும் தெரிந்த குறை. இ 220 பார்ப்பவர்கள், அது மாற்றப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். டீசலில் சாவியை எடுத்த பின்னும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் வேக்குவம் குழாயில் கசிவு என்று அர்த்தம். சரிசெய்யக் கூடியதுதான், விலையைப் பேசும்போது சொல்லிக் குறையுங்கள். சஸ்பென்ஷன் புஷ்கள் தேய்ந்திருந்தால் இந்தக் காரின் அருமையே தெரியாது, எனவே மேடு பள்ளமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, பசுமை வரி கட்டியிருக்கிறதா, எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்று தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.