களையும் விழுதும்: மயிலை முதல் மாம்பலம் வரை

மனத்தைத் தோட்டமாகப் பார்க்கும் பேச்சு இன்று சுயமுன்னேற்ற மேடைகளில் மலிந்துவிட்டது. நல்லெண்ணத்தை விதைத்தால் போதும், வளம் தேடி வரும் என்கிறார்கள். உவமை நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் முன்னோர் களையையும் பாம்பையும் மறைத்துவிட்டுத் தோட்டத்தைப் பேசியதில்லை.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரின் கையில் எப்போதும் உழவாரம் இருந்தது. கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. அவர் தம் தேவாரப் பாடல் ஒன்றில் உள்ளத்தை வயலாக்கினார். அங்கே பிடுங்க வேண்டிய களை பொய், பாய்ச்ச வேண்டிய நீர் பொறுமை. வெயிலில் குனிந்து புல் செதுக்கியவர் சொன்னதால்தான் அந்த உவமைக்கு இன்றும் கனம் குறையவில்லை என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூரின் தோட்டக் கதை இன்னும் கடுமையானது. சிவநேசரின் மகள் பூம்பாவை பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள். அவள் சாம்பலைக் குடத்தில் வைத்துக் காத்தார் தந்தை. சம்பந்தர் பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பது பெரியபுராணம். கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் இது ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. வளர்ச்சியைப் பேசும் எவரும் அந்தக் குடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

அடையாற்றில், மனத்தைத் தோட்டமாகப் பார்க்கும் இதே சிந்தனை பள்ளிக்கூடமாகியது. ஹடில்ஸ்டன் தோட்டத்தை பிரம்மஞான சபை 1882-இல் வாங்கியது. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா அந்த வளாகத்தில்தான் வேர்விட்டது. 1939-இல் மரியா மாண்டிசோரி அங்கே ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். செடி வளர்க்கும் குழந்தை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் நூலில் எழுதியிருந்தவர் அவர். விதையை முளைக்கச் சொல்லி அதட்ட முடியாதே!

அந்த வளாகத்தின் ஆலமரத்தை எல்லோரும் அறிவார்கள். 1989-இல் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது, மரம் சாகவில்லை. கிளையிலிருந்து நூலாக இறங்கும் விழுது மண்ணைத் தொட்டதும் தானே நீர் உறிஞ்சத் தொடங்கி, தடித்து, மரமாகிறது. பிறகு கிளை தாயை நம்பியிருக்க வேண்டியதில்லை. தனிமனித வளர்ச்சி என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல திருத்தம் எனக்குத் தெரியாது. பெருமரத்தின் ஆயுள், அது எத்தனை விழுதுகளை மண் சேரவிட்டது என்பதில் இருக்கிறது.

மாம்பலம் பக்கம், தி.நகரில் நிலைமை வேறு. பழைய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த ஊர் அது. தோட்டம் சூழ்ந்த தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாக, செடிகள் மாடிக்கு ஏறின. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்ட தலைமுறை ஒன்று தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகளில் கத்தரியும் வெண்டையும் வைக்கிறது. மாடி எதையும் எளிதாகத் தருவதில்லை. செம்பருத்தி இலையைத் திருப்பினால் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் ஒருமுறை தெளித்தால் அடங்காது. ஒரு போகம் முடிந்த பையைக் கவிழ்த்து, மண்ணைக் காயவைத்து, மறுபடி உரமேற்றாவிட்டால் அடுத்த செடி சோர்ந்துவிடும். நேர்மறை எண்ணம் மட்டும் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுவது இந்தச் சோர்வைத்தான்.

வளம் என்றால் என்ன என்பதற்கும் இந்த மாடித் தோட்டக்காரர்களிடம் விடை இருக்கிறது. செடியில் காய்த்த வெண்டைகளில் நேரானதை, திரட்சியானதைப் பறிக்காமல் விட்டுவிடுவார்கள். அது முற்றிக் காய்ந்து வெடிக்கும் பக்குவத்தில் விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, பாதியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுக்கிறார்கள்.