அல்லங்காடியும் பர்மிட் ரூமும்

மறைந்துபோன பம்பாயின் இரவுகளை நினைத்து உருகி எழுதுவது இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்து நிற்கிறது. சர்ச்கேட் தெருவில் ஜாஸ் வாசித்த உணவகங்கள், தோபி தலாவின் ஈரானி ஹோட்டல்கள், காலா கோடாவின் வேசைட் இன், ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் 1964 முதல் 2015 வரை நடந்த சமோவார் என்று பட்டியல் நீளும். ஒன்று மூடப்பட்டால் போதும், பத்துக் கட்டுரை வந்துவிடும். ஆங்கிலத்தில் நூல்களும் உண்டு, பெரும் செலவில் எடுத்த சினிமாவும் உண்டு. இவற்றை நம்முடைய பழைய நகர இலக்கியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இதில் உமக்கு என்னய்யா வேலை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். சூரியன் சாய்ந்தபின் சாப்பிடாத குடும்பம். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்கு என்று சொல்லும் அருங்கலச்செப்பைச் சிறு வயதிலேயே படித்தவன். (முலுண்டில் என் கடைக்கு வரும் குஜராத்தி ஜைனர்களுக்குத் தமிழிலும் ஜைனர் உண்டு என்பதே ஆச்சரியம். அது வேறு கதை.) ஆனால் முப்பத்தைந்து வருஷமாக ஹோட்டல் பாத்திர வியாபாரம். அண்டா, இட்லிக் கொப்பரை, பார்களுக்கு வேண்டிய எவர்சில்வர் தட்டு, ஐஸ் வாளி எல்லாம் போட்டிருக்கிறேன். பில் வசூலுக்கு மத்தியானம் மூணு மணி வாக்கில் பின்வாசல் வழியாகத்தான் போவோம். ஆகவே இந்த இடங்களின் முன்பக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பின்பக்கம் நன்றாகத் தெரியும். அங்கே நின்று படித்ததில் தோன்றியவையே இவை.

முதலில் நல்ல நூலைச் சொல்லிவிடுகிறேன். நரேஷ் ஃபெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்', 2012 வாக்கில் பலராலும் பேசப்பட்டது. 1935இல் லியான் ஆபி என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு தாஜ் ஹோட்டலுக்கு வந்தார். பிறகு டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக்காரர். இவர்களைக் கேட்டும் இவர்களோடு வாசித்தும் தேர்ந்த கோவா வாத்தியக்காரர்கள் காலப்போக்கில் இந்தி சினிமா இசைக்குள் நுழைந்தார்கள். சிக் சாக்லேட் என்று மேடைப் பெயர் பூண்ட ஆன்டோனியோ சேவியர் வாஸ், 1951இல் வந்த 'அல்பேலா'வில் சி. ராமச்சந்திராவோடு வேலை செய்தவர். அந்தக் காலத்து இந்திப் பாட்டில் ட்ரம்பெட் சத்தம் கேட்டு நாம் தலையாட்டினோமே, அது இப்படி ராத்திரிச் சம்பளத்துக்கு ஊதியவர்களின் மூச்சு. இந்நூலிலும் ஏக்கம் உண்டு. ஆனால் ஊதியவர் யார், எந்த ஊர், பிற்பாடு என்ன ஆனார் என்று கேட்டுக்கொண்டே போகிறது. வாத்தியக்காரர்களோடு நின்றுவிடுகிறது என்றால் அது அந்நூலின் எல்லை, குறையன்று.

குறை எங்கே என்றால் 2015இல் வந்த 'பாம்பே வெல்வெட்' படத்தில். அனுராக் காஷ்யப் எடுத்தது. வரலாற்றாசிரியர் ஞான் பிரகாஷின் 'மும்பை ஃபேபிள்ஸ்' (2010) நூலைத் தழுவியது. நூலில் நிலம், பணம், பத்திரிகை, அரசியல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். படத்தில் எஞ்சியது மேடை விளக்கும் பளபளக்கும் கவுனும்தான். பழைய பம்பாயைக் காட்ட இலங்கையில் போய் செட் போட்டார்கள். அதுகூடத் தப்பில்லை, பழைய நகரம் இப்போது எங்கும் இல்லையே. ஆனால் அந்த கிளப்பில் யார் சமைத்தார்கள், யார் கிளாஸ் கழுவினார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன். கண்ணில் நிற்கிற மாதிரி ஒருவரும் இல்லை. படம் ஓடவில்லை. அதற்கு நூறு காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால், ஆள் இல்லாத சமையலறையிலிருந்து வந்த சாப்பாடு அது.

இந்த ஏக்க எழுத்தில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. பொற்காலம் என்று இவர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் 1950களையும் 60களையும். அதாவது மதுவிலக்கு அமலில் இருந்த காலம்! பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. மொரார்ஜி தேசாய் அதில் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது ஊரறிந்தது. (நம் பக்கம் ராஜாஜி 1937இலேயே சேலத்தில் தொடங்கிவிட்டார்.) 1960களில் கட்டு தளர்ந்தபோதுதான் பர்மிட் முறை பரவியது. உடல்நலத்தைப் பேணுவதற்காகக் குடிக்க அனுமதி என்று அரசாங்கமே சீட்டுக் கொடுத்த விந்தை அது. பர்மிட் ரூம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் மகாராஷ்டிரத்தில் சட்டப்படி குடிக்க பர்மிட் வேண்டும். எத்தனை பேர் பையில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, விலக்கு இருந்த காலத்தில் ஊர் எதைக் குடித்தது? ஆன்ட்டிகள் என்று சொல்லப்பட்ட பெண்கள் வீட்டு முன்னறையில் விற்ற சரக்கை. தாராவிச் சதுப்பிலும் ஆன்டாப் ஹில் பக்கமும் காய்ச்சியதை. தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் பெரிய ஆளானது இந்தச் சாராயத்தில்தான். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் போட்ட விநாயகர் பந்தலை நம் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். 1987இல் 'நாயகன்' வந்தது, மறுவருஷம் அவர் காலமானார். அந்தப் படத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதாத கட்டுரை இல்லை. ஆனால் தாதாவைப் பற்றித்தான் எழுதினோம். சேற்றில் இறங்கிப் பீப்பாய் புதைத்தவனையும், போலீஸ் வந்தால் முதலில் அடி வாங்கியவனையும் பற்றி எழுதினோமா? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கிளப் வாசலோடு நிற்கிறார்கள். நாம் தாதா வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம்.

டான்ஸ் பார் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் இன்னும் ஆறாத புண் உண்டு. 2005 ஆகஸ்டில் மாநில அரசு தடை போட்டது. 2006இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, 2013இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதன் பிறகும் புதுச் சட்டம், புது வழக்கு, 2019 வரை இழுத்தது. 75,000 பெண்கள் வேலை இழந்தார்கள் என்று அப்போது ஒரு கணக்கு பேசப்பட்டது. என் கொள்கைப்படி அந்த இடங்கள் இருக்கக் கூடாதவை. ஆனால் மூடிய மறுநாள் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்குக் கொள்கை பதில் சொல்லாது. சுகேது மேத்தாவின் 'மேக்ஸிமம் சிட்டி' (2004) அந்த உலகத்தை வியந்து பார்க்கிறது. சோனியா ஃபலேரோவின் 'பியூட்டிஃபுல் திங்' (2010) ஒரு பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறது. இரண்டில் பின்னதே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். இரவு நகரத்தைப் பாட நம் புலவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. அல் என்றால் இரவு. ஜாமம் ஜாமமாக மாங்குடி மருதனார் மதுரை இரவைக் காட்டிக்கொண்டு போகிறார். விளக்கும் விழாவும் பரத்தையர் தெருவும் எல்லாம் வருகின்றன. பிறகு கடைகள் அடைக்கும் நேரம். அப்போது அவர் கண்ணில் படுவது யார் தெரியுமா? கூவியர். அப்பம் சுட்டு விற்பவர்கள். விற்க வைத்த பண்டத்தோடேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு தெருவோரக் கடைக்காரரின் தூக்கம் நமக்குக் கிடைத்திருக்கிறது! இத்தனைக்கும் அது அரசனுக்கு நிலையாமை சொல்ல வந்த பாட்டு. எல்லாம் போய்விடும் என்று சொல்ல வந்தவர்தான் எதையும் விடாமல் பார்த்திருக்கிறார்.

சிலம்புக்கு வாருங்கள். இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது மரபு. புகாரின் மருவூர்ப்பாக்கத்தை அவர் வரிசைப்படுத்தும்போது பிட்டு விற்போர், அப்பம் விற்போர், கள் விற்கும் பெண்கள், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர் என்று அடுக்குகிறார். கள்ளையும் மீனையும் தொடாதவர் அந்தப் பெண்ணையும் பரதவரையும் பட்டியலிலிருந்து தள்ளவில்லை. ஒழுக்கம் வேறு, கணக்கு வேறு. கடைக்காரனுக்கு இது சட்டென்று புரியும். பிடிக்காத வாடிக்கையாளன் பெயரும் பேரேட்டில் இருந்துதான் ஆக வேண்டும். அந்தப் புகாரும் பிறகு கடல் கொண்டு போனதாக மணிமேகலை சொல்கிறது.

பம்பாயை எழுதியவர்களில் இந்த அளவுகோலுக்கு ஈடு கொடுப்பவர் என்று நான் கருதுவது மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அருண் கோலட்கர். வேசைட் இன் ஜன்னலோர மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர். அம்பேத்கரும் வந்து எழுதிய இடம் என்று சொல்லப்படும் அந்த ஹோட்டல் 2000களின் தொடக்கத்தில் போய்விட்டது. அதைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சொல்வார்கள். அவரோ நாற்காலியைப் பாடவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். 2004இல், அவர் மறைந்த வருஷத்தில், வெளிவந்த 'காலா கோடா கவிதைகள்' தொகுப்பில் காலைச் சிற்றுண்டி வேளையைப் பற்றி ஒரு நீள்கவிதை இருக்கிறது. பெரிய அலுமினியப் பெட்டியில் இட்லி கொண்டுவந்து நடைபாதைவாசிகளுக்குப் போடும் ஒரு பெண்மணி அதில் வருகிறாள். அரை மணி நேரத்தில் கூடிக் கலையும் ஹோட்டல் அது. கூரையும் கிடையாது, பர்மிட்டும் கிடையாது. கூவியரை மறக்காத மருதனாருக்குப் பிறகு எனக்கு இவர்தான்.

நம் சங்கங்களின் மலர்களில் வரும் மாட்டுங்கா ஏக்கத்தையும் இதே தராசில் வைக்க வேண்டாமா? கஃபே மெட்ராஸ் 1940, ஸ்டேஷன் எதிரே ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. இரண்டும் இன்றும் கூட்டத்தோடு நடப்பவை. ஆனாலும் 'அந்தக் காலத்து ருசி இல்லை' என்று ஏங்குவது நமக்கு வழக்கம். காபி நுரை, வாழையிலை, ரசம் எல்லாம் வரும். 1966இல் சிவசேனை தோன்றியதை ஒட்டிய வருஷங்களில் உடுப்பி ஹோட்டல் கண்ணாடிகள் உடைந்தது அனேகமாக வராது. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருட்டில் நின்ற பையன்களும் வர மாட்டார்கள். மாட்டுங்காவிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவி. விடியும் முன் எழுந்து இட்லி அவித்து, சைக்கிள் கேரியரில் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு ஊர் முழுக்கப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நம் ஏக்கக் கட்டுரைகள் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டுவதில்லை.

ஏன் இதை இப்போது சொல்கிறேன் என்றால், தண்டவாளம் முலுண்டுக்கே வந்துவிட்டது. தாராவியைப் புதிதாகக் கட்டும் ஏலம் 2022இல் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்கள் என்று கணக்கில் வருபவர்களைக் குடியேற்ற, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் சுமார் 255 ஏக்கருக்கு 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முலுண்டில் எதிர்ப்பு பலமாக எழுந்தது. உப்பளம் மழைநீரைத் தாங்கும் இடம், தண்ணீர் போதாது, ரயிலில் இப்போதே நிற்க இடமில்லை என்று சொன்ன காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் என் கட்டிடத்திலேயே ஒரு அம்மா, நம்மூர்க்காரர்தான், "அந்த ஜனங்க வந்தா ஏரியா போச்சு" என்று சொன்னதைக் கேட்டேன். காலையில் ஹாரன் சத்தத்துக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறவரும் அவரே.

மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மலரில் மாட்டுங்கா ருசியைப் பற்றி எழுதத் திட்டமிட்டால் அதில் நாலு பக்கத்தைத் தாராவியில் இட்லி அவிக்கும் குடும்பம் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் எழுத வேண்டாம், சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், ஒரு கொப்பரை எத்தனை வருஷம் வருகிறது, கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் விழுந்திருக்கிறது என்று கேட்டுப் போடுவோம். நான் கொப்பரை போட்ட வீடுகள் நாலைந்து அங்கே இருக்கின்றன. யாராவது வருவதாக இருந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன். சாயந்திரம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.