சுரங்கமா, சுருங்கையா?

உலாவியின் போக்குவரத்தை மறையாக்கிய இணைப்பின் வழியே தொலைக்கணினிக்குச் செலுத்தும் முறையைச் 'சுரங்கம்' என எழுதுகின்றனர். ஈயச் சுரங்கங்களால் எழுந்த கோலாலம்பூரில் இச்சொல் தோண்டிய குழியையே நினைவூட்டும். சிலப்பதிகார ஊர்காண் காதை மதுரையில் யானைகள் செல்லும் மூடுவழியைச் சுருங்கை என்கிறது, அதுவே பொருந்தும்.

சொல்லினும் பெரும்பிழை, 'அனைத்தும் மறையும்' எனக் கற்பித்தல். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தின் பொதுவலையிலிருந்து கிள்ளானிலுள்ள தம் கணினி வழியே செல்வாரை உணவக வலையில் ஒற்றுவோன் அறியான். கிள்ளானுக்கு அப்பால் சுருங்கை இல்லை, வெளிவீதியே. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எஸ்எஸ்எச் நெறி பிறந்ததும் வலையிற் கடவுச்சொற்கள் களவு போனமையாலன்றோ?

தளப்பெயரை வினவும் செய்தி சுருங்கைக்குப் புறத்தே போயின், செல்லுமிடம் இணையச் சேவையார்க்குப் புலனாம். இவ்வினவல்களைத் தம்பால் திருப்புமாறு அவர்களுக்கு நம் நாட்டில் இட்ட ஆணை, 2024 செப்டம்பரில் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.