பாண்டு மாஸ்டர்

முக்கூடல் பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் கேட்கும் 'டர்ர்ர்' சத்தத்தை யாரும் நின்று கேட்பதில்லை. சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு, மகன் வீடு வர நேரமாகும் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நிற்கும் பாண்டு மாஸ்டர் மேல்தான் கண். ஆரம்பத்தில் பையன்களுக்கு டிரம் தரவே மாட்டார், குச்சியும் பெஞ்சும்தான். எல்லாருக்கும் சண்டித்தனம் பண்ணுவது இடக்கை. அது வலக்கைக்குச் சமமாக விழும்வரை அதை மட்டுமே தட்டச் சொல்வார். இரண்டிரண்டாக விழும் அடிகள் வேகம் பிடித்து ஒட்டிக்கொள்ளும்போது, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓர் உருட்டல் எழும். அப்போதும் பாராட்டு கிடையாது. "ம், இன்னொருக்க அடில" என்பார்.

பியூகிள் இன்னும் பொல்லாதது. நாகஸ்வரத்துக்காவது விரல் வைக்கத் துளை உண்டு (நாகஸ்வரத்துக்குப் பேர்போன காருக்குறிச்சி பக்கத்தில்தானே, அந்த நினைப்பு வராமல் இருக்குமா?). இதில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்ற வேண்டும். முதலில் வருவது காற்றும் எச்சிலும்தான். முகம் சுளிக்காமல் அதையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆகஸ்ட் 15 அணிவகுப்பில் அவர் வரிசையில் இருக்கமாட்டார். ஓரமாக நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கைதட்டும்போது அந்தப் பக்கமும் ஒருதரம் திரும்பித் தட்டுங்கள்.