கருவறைக்குள் சுருங்கிய கணக்கு

டேவிட் பார்க்கரின் பெயரைச் சொன்னால் மருத்துவ உலகில் ஒரே ஒரு கருத்துதான் நினைவுக்கு வரும்: தாயின் வயிற்றில் சரியாக வளராத குழந்தைக்கு ஐம்பது, அறுபது வயதில் மாரடைப்பும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அவருடைய தொடக்ககாலக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் படிப்பவருக்கு ஒரு நெருடல் தட்டும். அவற்றில் மிக வலுவாக நிற்கும் எண்கள் பல, பிறந்த அன்று எடுத்த எடையிலிருந்து வந்தவை அல்ல. குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது எடுத்த எடையிலிருந்து வந்தவை.

1989-ல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் பார்க்கரின் குழு தேடிப் பிடித்தது. ஒரு வயதில் 18 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ எடை இருந்தவர்கள் இதய நோயால் இறந்த விகிதம் 111. 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு அது 42. (நாட்டின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.) இரண்டரை மடங்குக்கு மேலான வேறுபாடு! புகையிலும் கொழுப்பிலும் சோம்பலிலும் மட்டுமே இதய நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நடக்கக்கூடப் பழகாத பிள்ளையின் எடை அந்த நோயை முன்னறிவிக்கிறது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. 1986-ல் பார்க்கரும் புள்ளியியலாளர் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்தையும் வேல்ஸையும் 212 பகுதிகளாகப் பிரித்து இரண்டு கணக்குகளை அருகருகே வைத்தார்கள். ஒன்று 1921–25-ல் நிகழ்ந்த சிசு மரணம். மற்றொன்று 1968–78-ல் இதய நோயால் நிகழ்ந்த மரணம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. வசதி பெருகினால் வரும் நோய் என்று பேசப்பட்டது, வசதியே இல்லாமல் வளர்ந்தவர்களின் ஊர்களில்தான் அதிகம் கொன்றிருந்தது. நார்வேயின் ஆண்டர்ஸ் ஃபோர்ஸ்டால் 1977-லேயே ஏறத்தாழ இதைச் சொல்லியிருந்தார். ஆனால் பார்க்கர் வரைபடத்தோடு நின்றுவிடவில்லை. ஊரைப் பற்றிய எண், அந்த ஊரில் வாழ்ந்த மனிதரைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தனித்தனிக் குழந்தைகளின் பழைய பதிவேடுகளைத் தேடிப் போனார்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கிடைத்தது எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற பெண்ணின் புண்ணியத்தால். மாவட்டத்து மருத்துவச்சிகளை மேற்பார்வையிட வந்த அவர், 1911 முதல் ஒவ்வொரு பிறப்பையும் எழுதிவைக்கச் செய்தார். சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போனார்கள். பிறந்த எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, என்னென்ன நோய் வந்தது, ஒரு வயதில் என்ன எடை என்று பேரேட்டில் வரி வரியாக ஏறியது. அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட குறிப்புகள் இவை. எழுபதாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் வந்து புரட்டுவார் என்று அவர்கள் நினைத்திருக்க வழியில்லை. அதனாலேயே அவற்றுக்கு நம்பகத்தன்மை கூடுகிறது. எந்தக் கொள்கையையும் நிறுவ அவை எழுதப்படவில்லை. பார்க்கரின் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அறுபதாண்டு கழித்து வரும் நோயைப் படிக்க அறுபதாண்டு காத்திருக்க முடியாது. அவர் காலத்தைப் பேரேட்டிலிருந்து கடன் வாங்கினார்.

கடனுக்கு வட்டியும் உண்டு. திருமணமானதும் பெயர் மாறிவிடும் பெண்களைத் தேடுவது கடினம் என்பதால் முதல் ஆய்வு ஆண்களோடு நின்றது. தாய் எவ்வளவு உயரம், என்ன சாப்பிட்டாள், வீட்டுக்கு என்ன வருமானம் என்பதெல்லாம் பேரேட்டில் இல்லை. செவிலியர் எழுதாத எதையும் அந்த ஆய்வு கேட்க முடியாது.

ஆனாலும் அவர்கள் எழுதியதிலிருந்தே எவ்வளவு வந்தது என்பது வியப்புதான். 1991-ல் கேம்பிரிட்ஜின் நிக் ஹேல்ஸோடு சேர்ந்து, பிறந்த எடையும் ஒரு வயது எடையும் குறையக் குறைய அறுபத்து நான்கு வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவதைப் பார்க்கர் காட்டினார். அதே ஆண்டில் நுரையீரல் பற்றிய கட்டுரை வந்தது: முதல் வயதுக்குள் மார்ச்சளியோ நிமோனியாவோ வந்தவர்கள், முதுமையின் வாசலில் பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளிவிடும் காற்று 0.17 லிட்டர் குறைவாக இருந்தது. பிறந்த எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் இது மறையவில்லை. 1998-ல் அவருடைய குழுவிலிருந்த அவான் ஆய்ஹி சேயர் முதலானோர் முதுமையையே அளந்தார்கள். ஒரு வயதில் எடை குறைவாக இருந்தவர்களுக்குக் கண் வில்லை கூடுதலாக மங்கியிருந்தது, காது மந்தமாகியிருந்தது, கைப்பிடி தளர்ந்திருந்தது, தோலும் மெலிந்திருந்தது.

சர்க்கரை, மூச்சு, மூப்பு என்று மூன்று திசைகளிலிருந்து வந்த சான்றுகளும் முதல் ஆண்டைச் சுட்டின. கொள்கையோ கருவறைக்குள் சுருங்கியது. 1992-ல் பார்க்கர் தொகுத்த நூலின் தலைப்பில் கருவும் சிசுப்பருவமும் சேர்ந்தே இருந்தன. 1995-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் இதய நோய்க்கு மூலம் கரு மட்டும்தான்.

ஏன் இப்படி ஆயிற்று? நியாயமான காரணம் ஒன்று உண்டு. பெண்களையும் சேர்த்து 1993-ல் ஆராய்ந்தபோது, பிறந்த எடையின் தொடர்பு இருபாலரிடமும் தெரிந்தது. ஒரு வயது எடையின் தொடர்பு ஆண்களிடம் மட்டுமே வலுவாகத் தெரிந்தது. 1992-ல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்த ‘சிக்கன உடல்’ கோட்பாட்டின் கவர்ச்சி இன்னொரு காரணம். உணவு போதாத கரு மூளையைக் காப்பாற்றக் கணையத்தைப் பலிகொடுக்கிறது. பஞ்சத்துக்குத் தயாரான அந்த உடல் பின்னாளில் மிகுதியைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது. பரம்பரையில்தான் சிக்கனம் இருக்கிறது என்று 1962-ல் ஜேம்ஸ் நீல் சொன்னதற்கு இது நேர்மாறு. சொல்லப்போனால் ஹேல்ஸ், பார்க்கர் கட்டுரையில் சிசுப்பருவத்துக்கும் இடமிருந்தது. படித்தவர்கள் மனத்தில் தங்கியது கரு.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்வார் குறைவு. ஒரு வயது எடை என்பது வீட்டின் எடை. அதில் ஈரச்சுவரும், எட்டுப் பேர் படுக்கும் அறையும், அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கும், அப்பாவின் கூலியும் கலந்திருக்கின்றன. பென்-ஷ்லோமோவும் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் 1991-லேயே கேட்ட கேள்வி இங்கேதான் குத்துகிறது: ஏழையாகப் பிறந்தவர் பெரும்பாலும் ஏழையாகவே வாழ்ந்து சாகிறார் என்றால், நோயைத் தந்தது தொடக்கமா, இடையில் கழிந்த அறுபதாண்டா? பிற்கால வறுமையைக் கணக்கில் சேர்த்தபோது சிசு மரணத்தோடு இருந்த தொடர்பு பெருமளவு தேய்ந்தது. இந்தச் சிக்கலுக்குள் கருவறை ஒரு சுத்தமான இடமாகத் தெரிந்திருக்க வேண்டும். வரைபடத்தில் வறுமையாகத் தொடங்கிய கேள்வி, நஞ்சுக்கொடியின் கேள்வியாக மாறிப்போனது ஆய்வின் முன்னேற்றம் மட்டுமல்ல, ஒரு விலகலும்கூட என்பது என் கருத்து.

கருவின் பங்கை மறுக்க முடியாது. கர்ப்பகாலத்தின் நீளம் குறிக்கப்பட்டிருந்த ஸ்வீடனின் உப்சாலாப் பதிவேடுகளைக் கொண்டு 1998-ல் டேவிட் லியோன் குழு செய்த ஆய்வு, குறைப்பிரசவம் அல்ல, கரு மெதுவாக வளர்ந்ததே இதய நோயோடு தொடர்புடையது என்று உறுதிசெய்தது. இரத்த அழுத்தத்தில்தான் கோட்பாடு வசமாக மாட்டிக்கொண்டது. 2002-ல் ரேச்சல் ஹக்ஸ்லி முதலானோர் ஆய்வுகளை அளவுவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுகளில் பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் அழுத்தம் சுமார் 2 புள்ளி குறைந்தது. மூவாயிரம் பேருக்கு மேற்பட்ட ஆய்வுகளில் 0.6 மட்டுமே. பிடித்த முடிவு வந்தால்தான் சிறிய ஆய்வு அச்சேறும் என்பது இத்துறைக்கும் பொருந்தியது. மீதமிருந்த தொடர்பிலும் பெரும்பங்கு தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான மரபணுக்களுடையது என்று 2019-ல் வந்த பெரிய மரபியல் ஆய்வு காட்டியது.

பஞ்சங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 1944–45-ல் நெதர்லாந்துப் பட்டினிக் காலத்தில் கருவிலிருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரைக் கோளாறு கூடியிருந்தது. லெனின்கிராட் முற்றுகையில் கருவிலிருந்தவர்களிடம் அப்படி எதுவும் காணப்படவில்லை. நெதர்லாந்தில் போர் முடிந்ததும் உணவு வந்துவிட்டது. லெனின்கிராடில் தட்டுப்பாடு நீடித்தது. இதுதான் காரணம் என்றால், பிறந்த பிறகு என்ன நடந்தது என்ற கேள்விக்கே மறுபடி வந்து சேர்கிறோம்.

அந்தக் கேள்விக்கு நல்ல விடைகள் இந்தியாவிலிருந்து வந்தன. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் பழைய பிறப்புக் குறிப்புகளை பார்க்கரின் சகாவான கரோலின் ஃபால் தேடியெடுத்தார். இதய நோய் எதிர்பார்த்தபடியே எடை குறைந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோயோ உயரத்துக்கு மிஞ்சிய எடையோடு பிறந்தவர்களிடமும், கனத்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் இருந்தது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் தராசோடு நிற்காமல் குழந்தைகளின் தோல்மடிப்பையும் அளந்தார். கிராமத்துச் சிசுக்களின் சராசரி எடை 2.7 கிலோதான், ஆங்கிலேயக் குழந்தைகளைவிடத் தசை குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. எடை என்ற ஒற்றை எண் எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2004-ல் வந்த டெல்லி ஆய்வை நான் இவற்றுக்கெல்லாம் மேலாக வைப்பேன். 1969–72-ல் பிறந்த 1,492 பேரைக் குழந்தைப் பருவம் முழுக்க அடிக்கடி அளந்திருந்தார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு படிப்படியாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில்கூட வழக்கமான அளவுகோல்படி அவர்களில் ஒருவர்கூடக் குண்டுப் பிள்ளை அல்ல. ஹெல்சிங்கியில் மாரடைப்பு வந்தவர்களின் வளர்ச்சிக்கோடும் ஏறத்தாழ இதே வடிவம்தான். வேலூரில் அதே காலத்தில் பிறந்தவர்களிடமும் சர்க்கரைக் கோளாறு பிந்தைய எடையேற்றத்தோடு சேர்ந்தே வந்தது. ஒரு வயதில் நன்றாக எடை போட்ட ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ச் சிறுவன் ஏன் தப்பித்தான் என்பது இப்போது விளங்குகிறது. முதலிரண்டு ஆண்டுகளில் போடும் எடை ஒரு வகை. அதற்குப் பின் போடும் எடை வேறு வகை.

கோட்பாடு நடைமுறைக்கு வரும்போது இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. கருவறை மட்டுமே காரணம் என்றால் பொறுப்பு முழுவதும் தாயின் தட்டில் விழும். 2014-ல் சாரா ரிச்சர்ட்சன் முதலான அறிஞர்கள் நேச்சர் இதழில் இதைக் கண்டித்து எழுதினார்கள். பார்க்கர் தாய்மாரைக் குற்றம் சொன்னவர் அல்லர். பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதலே நல்ல உணவு வேண்டும் என்று வாதாடியவர். ஆனால் அவருடைய வாதம் தலைப்புச் செய்தியாகும்போது, குடிசையும் கூலியும் உதிர்ந்து கர்ப்பிணி மட்டும் மிஞ்சுகிறாள்.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த சோதனை இதற்கு நல்ல உரைகல். 2006 முதல் பல ஆண்டுகள், கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி தினமும் கொடுக்கப்பட்டது. எதிர்பார்த்தது கனமான குழந்தைகளை. மொத்தத்தில் பிறப்பு எடை சொல்லும்படி கூடவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், ஒப்பீட்டுக்கு வைத்த மறுதரப்பில் 12.4 சதவீதமாக இருக்க, இந்தப் பெண்களிடம் 7.3 சதவீதமாகக் குறைந்தது. குழந்தையின் எடையை மட்டும் குறித்துக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை தோல்வி என்றே எழுதப்பட்டிருக்கும்.