பதினான்கு மாடியும் படிக்கட்டும்

சேலம், நாமக்கல் வட்டாரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பியவரிடம் ஊரார் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று அந்நாளில் இருந்தது: "எல்.ஐ.சி. கட்டடம் பார்த்தீர்களா?" கடற்கரையையும் உயிர்க்காட்சிச் சாலையையும் பற்றிய விசாரிப்பு அதற்கப்புறந்தான். அண்ணாந்து பார்த்ததில் தலையிலிருந்த தொப்பி கீழே விழுந்துவிட்டதாக எங்கள் அத்தா சொல்லக் கேட்டு நாம் வியந்ததுண்டு. தமிழ்த் திரைப்படங்களிலும் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்பதை உணர்த்த அக்கட்டடத்தை ஒரு கணம் காட்டினாலே போதுமானதாயிருந்தது.

ஆனால் வியப்பு வேறு, மதிப்பீடு வேறு. ஒரு கவிதையை ஓசைக்காக மட்டும் பாராட்டிவிட்டுப் பொருளைக் கேளாமல் விட்டால் அது திறனாய்வாகாது. கட்டடத்தை உயரத்துக்காக மட்டும் போற்றுவதும் அவ்வாறே. உயரத்துக்காக வியக்க வேண்டிய தேவை நம் வட்டாரத்தாருக்கு இருந்ததுமில்லை. நாமக்கல் ஊரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறை 200 அடிக்கு மேல் உயர்ந்தது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 214 அடி உயரமுடையது. எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரமோ 177 அடிதான். அப்படியிருக்க, மேட்டூரைப் பார்த்துப் பழகிய கண்களையும் அக்கட்டடம் அண்ணாந்து பார்க்க வைத்தது எதனால்?

அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தமது யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்கென 1950களின் தொடக்கத்தில் இதனைக் கட்டத் தொடங்கினார். லண்டனைச் சேர்ந்த பிரௌன், மூலின் ஆகிய இருவரும் வரைபடம் தந்தனர். நினைத்தவர் நினைத்ததைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1954 மார்ச்சு 13இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியார் உயிரிழந்தார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. அரைகுறையாய் நின்ற கட்டடமும் அதன் கைக்கு வந்தது. லண்டன் கலைஞர்கள் இடையில் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம்.சித்தாலே பொறுப்பேற்று வேலையை முடித்தார். 1959 ஆகஸ்டு 23இல் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

இனிக் கட்டடத்தின் கலைக்கு வருவோம். சென்னையில் அதுவரை பெருமைக்குரியனவாய் இருந்தவை எவை? 1768இல் எழுந்த ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகை, 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் போன்றவை. குவிமாடம், வளைவு, சிறு கோபுரம் என்று அவை வானை வருடிக்கொண்டு நின்றன. எல்.ஐ.சி. கட்டடமோ இவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. நேர்கோடும் வரிசையான சாளரமுமே அதன் அணிகள். நியூயார்க்கில் அப்போதுதான் எழுந்திருந்த ஐக்கிய நாடுகள் செயலகத்தின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. அரசனும் ஆங்கிலேயனும் போன பிறகு, அலுவலகமே இனி மாளிகை என்று அறிவித்த முதற்குரல் அது. நம்மவரை அண்ணாந்து பார்க்க வைத்தது இந்த அறிவிப்பே என்று நாம் கருதுகிறோம். ஆயுள் காப்பீடு பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அவ்விவாதம் ஈண்டு வேண்டா. ஆனால் அரண்மனை வாயிலில் தயங்கி நின்ற எளிய மனிதன், கையில் ஒரு பத்திரத்தோடு இந்தப் பெரிய வாயிலில் தலைநிமிர்ந்து நுழைந்தான். இது சிறிய செய்தியன்று.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். இரவற் சட்டை தோளுக்குப் பொருந்தினாலும் கைக்குப் பொருந்துவதில்லை. சேப்பாக்கத்தின் வளைவுகளுக்குப் பின்னே ஆழ்ந்த தாழ்வாரமும் நிழலும் உண்டு. நம் வீடுகளில் திண்ணையும் முற்றமும் வெயிலோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள். நியூயார்க்கின் குளிருக்குப் பிறந்த பெட்டி வடிவத்தில் அத்தகைய உடன்படிக்கை ஏதுமில்லை. வெளியே வெயில், உள்ளே இயந்திரம் தரும் காற்று என்னும் பழக்கம் இவ்வகைக் கட்டடங்களோடுதான் நம் நகரங்களுக்குள் வந்தது.

உயர்ந்த கட்டடம் மண்ணுக்கும் வெயிலுக்கும் அந்நியமாய்த்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்று காட்டியவர் டாக்காவில் 1929இல் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். சிகாகோவில் 1970களில் எழுந்த 1,450 அடி உயரச் சியர்ஸ் கோபுரத்தை (இன்று வில்லிஸ் கோபுரம்) ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியது போல் அமைத்து, காற்றின் வேகத்தைக் குறைந்த எஃகால் தாங்கச் செய்தவர் அவர். அதே மனிதர் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்திற்கு வடிவமைப்புச் செய்கையில் கோபுரம் எழுப்பவில்லை. வெண்துணிக் கூடாரங்களை விரித்து, பயணிகளுக்கு நிழலும் காற்றோட்டமும் தந்தார். 1981இல் செயல்படத் தொடங்கிய அந்நிழலில் நம் ஹாஜிகள் பலர் அமர்ந்திருக்கிறார்கள். எங்கே உயர வேண்டும், எங்கே விரிய வேண்டும் என்று அறிந்ததே அவரது கலை.

எல்.ஐ.சி. கட்டடத்தின் மிகக் கடுமையான விமரிசனத்தை எழுதியது எந்த எழுத்தாளனுமல்லன், நெருப்பு. 1975 ஜூலை 11இல் அக்கட்டடம் தீப்பற்றி எரிந்தது. பின்னர்ச் சீர்செய்யப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் அதன் உச்சியிலிருந்த பெயர்ப்பலகை எரிந்தபோது மீண்டும் நகரம் அண்ணாந்து பார்த்தது, இம்முறை வியப்பினாலன்று. நாட்டின் கட்டட விதித்தொகுப்பே 1970இல்தான் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குப் பதினோராண்டு முன்னரே கட்டி முடிந்த கட்டடத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அது எழுப்பும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது: மனிதர்களை மேலே ஏற்றத் தெரிந்த கட்டடத்துக்கு, ஆபத்து வேளையில் அவர்களைக் கீழே இறக்கத் தெரியுமா? தீ மூண்டால் மின்தூக்கி உதவாது. படிக்கட்டு ஒன்றே கதி. துபாயில் 2010இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில், இறங்கி வருவோர் தங்கி மூச்சுவாங்க இடையிடையே புகலிடங்கள் அமைத்திருக்கிறார்கள். அதன் உயரத்தை மெச்சுவோர் பலர். மெச்சத்தக்கது அந்தப் புகலிடங்களே என்போம் நாம்.

இது பட்டணத்துக்கும் துபாய்க்கும் மட்டும் உரிய பேச்சென்று எண்ணிவிடலாகாது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். அது வானளாவிய கட்டடமன்று. கூரையில் பற்றிய தீயும் குறுகலான வழியுமே அத்தனை மழலைகளையும் கொண்டுபோயின. இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் அடுக்குமாடி வீடுகளும் திருமண மஹால்களும் பல தளப் பள்ளிக்கூடங்களும் எழுந்து நிற்கின்றன. முகப்புக்குப் பளிங்கும் கண்ணாடியும் தேடி ஊர் ஊராய் அலைகிறோம். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்? இருக்கும் படிக்கட்டிலும் நாற்காலிகளை அடுக்கிவைத்து வழியை அடைத்துவிடுகிறோம்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். வண்ணம் எப்படி என்று அவர் பேச மாட்டார். எவ்வளவு பாரம் தாங்கும், மேட்டில் ஏறி இறங்குகையில் அசையுமா என்றுதான் பேசுவார். கட்டடத்தை மதிப்பிடவும் அந்தக் கண்தான் வேண்டும். எல்.ஐ.சி. கட்டடம் நமக்குத் தந்த பெருமிதத்தை நன்றியோடு நினைப்போம். அது எரிந்து கற்பித்த பாடத்தையும் மறவாதிருப்போம். நாளை ஒரு மஹாலுக்குள் நம் பிள்ளைகளின் கைபிடித்து நுழையும்போது, மேலே தொங்கும் சரவிளக்கைப் பார்ப்பதற்கு முன் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்வோம்.