நாற்பது டிகிரிக்கு மேல ஃபேன் போடக்கூடாதா?

கோடை வந்தா செல்போன்ல ஒரு அறிவுரை சுத்த ஆரம்பிச்சிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டினா ஃபேனை நிறுத்திடுங்க, அது உடம்பை இன்னும் சூடாக்கும் என்பதுதான் அதன் சாரம். வழக்கமான வாட்ஸ்அப் வதந்தின்னு இதைத் தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வெப்பகால அறிவுரையிலேயே இந்த 40 இருக்கு.

சின்னசேலம் மாதிரி ஊர்ல இது சாதாரணக் கேள்வி இல்லை. கடல் காத்து எட்டாத உள்நாட்டு ஊர். சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் மத்தியானம் வெளியே இருக்கிற சூட்டைவிட உள்ளே சூடு அதிகம். ஏசி இல்லாத வீட்டுக்கு இருக்கிற ஒரே கருவி ஃபேன்தான். அதை ஒரு எண்ணைக் காட்டி நிறுத்தச் சொன்னா, அந்த எண் எங்கிருந்து வருது, யாருக்குப் பொருந்தும்னு கேட்டுத்தான் ஆகணும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கு.

என் விமர்சனம் இதுதான்: இந்த விதி வெப்பநிலையை மட்டும் பார்க்குது. வியர்வையை மறந்துடுது.

இந்த மறதி பள்ளிக்கூடத்திலேயே தொடங்குது. பதினொன்றாம் வகுப்பில் நியூட்டனின் குளிர்வு விதி படிக்கிறோம். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்து வெப்ப இழப்பு இருக்கும் என்று மனப்பாடம் பண்றோம். சோதனைக்கு இரட்டைச் சுவர் பாத்திரம், நடுவில் தண்ணீர், உள்ளே கலோரிமீட்டர். வெளிக்காத்து உள்ளே வர வழியே இல்லை. ஆனா 1701-ல் வெளிவந்த தன் கட்டுரையில் நியூட்டன் என்ன செய்தார்? காய்ச்சின இரும்பை அசையாத காற்றில் வைக்கவில்லை. சீராக வீசும் காற்றில் வைத்ததாக அவரே எழுதியிருக்கார். இரும்பு சூடாக்கின காத்தை வீசுற காத்து தள்ளிட்டுப் போகணும், அந்த இடத்துக்குப் புதுக் காத்து வரணும். அவர் கணக்குக்கே அதுதான் அடிப்படை. அவர் காத்துல வைத்ததை நாம பாத்திரத்துக்குள்ள வைத்துப் பாடம் நடத்துறோம்.

அடுத்து மண்பானையைப் பாருங்க. வேறுபாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டா பானைத் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்கு வந்து நின்னுடணும். அது நிக்கிறதில்லை, அதுக்கும் கீழே இறங்குது. காரணம் ஆவியாதல். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளேயிருந்து சூட்டை எடுத்துட்டுப் போகுது. வறண்ட காத்து வீசுற இடத்தில் பானையை வைத்தா இன்னும் நல்லா குளிரும். ஆக, வீசுற காத்து ரெண்டு வேலை செய்யுது: தன் சூட்டைக் கொடுக்கும் அல்லது எதிரில் உள்ள சூட்டை வாங்கும், ஈரத்தைக் காய வைக்கும். 40 டிகிரி விதி முதல் வேலையை மட்டும் கணக்கில் எடுத்துக்குது.

நம்ம உடம்புக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் தோராயக் கணக்குதான். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை 35 டிகிரி என்று வைத்துக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குது. காத்து 40 டிகிரியில் அசையாம இருந்தா, அதிலிருந்து உடம்புக்குள் வருவது சுமார் 30 வாட். ஃபேன் போட்டா அது வேகத்தைப் பொறுத்து 75 முதல் 110 வாட் வரை ஏறும். இந்த இடத்தில் விதி சொல்வது சரிதான், ஃபேன் சூட்டைக் கூட்டுது. ஆனா ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 2400 கிலோஜூல் போகும். ஃபேன் கொண்டுவந்த கூடுதல் 80 வாட்டைக் கழிக்க மணிக்கு சுமார் 120 மில்லி வியர்வை கூடுதலா ஆவியானா போதும். ஒரு சின்ன டம்ளர் அளவு.

அப்போ உண்மையான கேள்வி இது: அந்த ஒரு டம்ளரை ஆவியாக்க ஃபேன் உதவுதா, இல்லையா?

கடலூர்ல புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாக வழியில்லாம முதுகில் வழியும். வழிந்து சொட்டுற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அங்கே ஃபேன் அதை ஆவியாக்கும், ஆகவே பெரிய உதவி. சின்னசேலத்தின் வறண்ட மத்தியானத்தில் நிலைமை தலைகீழ். ஃபேன் இல்லாமலேயே வியர்வை வந்தவுடனே காய்ஞ்சிடும். காய வைக்க ஈரம் மிச்சமில்லாதபோது ஃபேனுக்கு மிஞ்சுவது அனலைக் கொண்டுவந்து கொட்டுற வேலை மட்டும்தான். "ஃபேன் அனலா அடிக்குது"ன்னு நம்ம ஊர்ல சொல்றது புலம்பல் இல்லை, சரியான அளவீடு.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஓலி ஜே குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 40 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஃபேன் உடம்பின் உள்வெப்பநிலையையும் இதயத்தின் சுமையையும் குறைத்தது. 47 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் அதே ஃபேன் இரண்டையும் கூட்டியது. இதில் இன்னொரு விஷயம் கவனிக்கணும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு முதல் அறையில் 56, இரண்டாவதில் 46. அதாவது குறியீடு அதிகமா இருந்த இடத்தில் ஃபேன் உதவியது, குறைவா இருந்த இடத்தில் கெடுத்தது. இந்திய வானிலைத் துறையும் 2023 முதல் சோதனை முறையில் வெப்பக் குறியீட்டை வெளியிடுது. நல்ல முயற்சிதான். ஆனா ஃபேன் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அந்த எண் உதவாது, திசைமாத்தி விடவும் கூடும்.

இதைப் படிச்சிட்டு 'அப்போ புழுக்கம்னா எப்பவும் ஃபேன் போதும்'னு யாரும் முடிவுக்கு வந்துடக்கூடாது. வயசானவங்களுக்கு வியர்வை குறைவு. சில மாத்திரைகள் வியர்வையை இன்னும் குறைச்சிடும். அதே சிட்னி குழு 2021-ல் எல்லைகளைப் பிரித்துக் கொடுத்தது: ஆரோக்கியமான இளையவருக்கு 39 டிகிரி, முதியவருக்கு 38, வியர்வையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு 37. கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகம் 2024-ல் முதியவர்களை 36 டிகிரி அறையில் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்தபோது, ஃபேன் அவர்களின் உள்வெப்பநிலையைக் குறைக்கவே இல்லை. ஆக, நாற்பது என்பது வறண்ட ஊரில் ஷீட் வீட்டில் தனியாப் படுத்திருக்கிற பாட்டிக்கு ரொம்பத் தாராளமான எண். புழுக்கத்தில் தண்ணி குடிச்சிட்டு வேலை செய்யுற இளைஞனுக்குத் தேவையில்லாத தடை. ஒரே விதி ரெண்டு பேருக்கும் தப்பா முடியுது.

நோட்டீஸ்ல அச்சடிக்க ஒற்றை எண் வசதி, அது எனக்கும் புரியுது. ஆனா பல வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது. எல்லார்கிட்டேயும் இருக்கிறது தோல்தான். அதனால விதியை இப்படி எழுதலாம்னு நினைக்கிறேன்: தோலில் வியர்வை வழிஞ்சா ஃபேன் போடுங்க. தோல் காய்ஞ்சிருந்து காத்து அனலா இருந்தா முதல்ல கை, கால், கழுத்தை ஈரத்துணியால் நனைங்க, அப்புறம் ஃபேன் போடுங்க. காயக் காய நனைச்சுக்கிட்டே இருக்கணும். நனைக்க முடியலைன்னா ஃபேனை நிறுத்துங்க. ரெண்டு வகையிலும் தண்ணி குடிக்கணும். வியர்வை குறைந்த முதியவருக்குக் கூடவே ஒரு ஆள் வேணும், ஃபேனை மட்டும் நம்பி விட்டுட்டுப் போகக்கூடாது. அவர் குழறிப் பேசினாலோ மயங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடணும்.

இதுல புதுசா எதுவும் இல்லை. மண்பானை செய்யுற வேலையை உடம்புக்குச் செய்யச் சொல்றோம், அவ்வளவுதான். ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அனல் காத்தும் குளிர்விக்கும்.